சபை வழங்கிய புத்தாண்டுக் கட்டு: வாக்குத்தத்த அட்டை முதல் காணிக்கை உறை வரை

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியேறும் குடும்பங்களின் கையில், அவ்வாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவது தமிழகத்துச் சபைகள் பலவற்றில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அண்மை ஆண்டுகளில் அந்த ஒற்றை அட்டை சில இடங்களில் ஒரு கட்டாகவே பெருத்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைச் சபை ஒன்று தன் குடும்பங்களுக்கு வழங்கிய அத்தகைய கட்டை ஓராண்டு முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நெகிழிப் பைக்குள் ஆறு பொருள்கள் இருந்தன: வாக்குத்தத்த அட்டை, மாத நாட்காட்டி, வேத வாசிப்பு அட்டவணை, உடன்படிக்கை ஆராதனைக்கான சிறு நூல், பன்னிரண்டு காணிக்கை உறைகள், விசுவாச வாக்குறுதி அட்டை. குடும்பங்களுக்கு இது இலவசம். அச்சுச் செலவு சபை நிதியிலிருந்து போகிறது. ஆகவே இது காசுக்குத் தகுந்த பொருளா என்ற கேள்விக்குச் சபைதான் விடை தேட வேண்டும். இதே போன்ற கட்டு ஒன்றை அச்சடிக்க எண்ணியிருக்கும் கமிட்டியாருக்கு இந்த மதிப்புரை ஓரளவு உதவக்கூடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டில் இருப்பவற்றுள் மிக மலிவான தாளில் அச்சான காணிக்கை உறைதான் ஆவிக்குரிய புதுப்பித்தலுக்கு அதிகம் உதவியது. அதிகச் செலவில் அச்சான வாக்குத்தத்த அட்டையோ மிகக் குறைவாகவே உதவியது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக இருந்திருக்க வேண்டிய உடன்படிக்கை நூல் நல்ல பொருளாக இருந்தும் அவசரத்தால் கெட்டது.

வாக்குத்தத்த அட்டை தடித்த ஆர்ட் அட்டையில், பொன்னிற எழுத்துகளோடு, பின்னணியில் அருவியும் வானவில்லும் தோன்ற அச்சிடப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் சுவரில் ஒட்டியிருந்தும் நிறம் மங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். குறை அதன் வசனத்தில் இருக்கிறது. உபாகமம் 28-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்திலிருந்து, கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்னும் பகுதியை மட்டும் எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அதே வசனத்தில் கட்டளைகளைக் கைக்கொள்வதையும் அவற்றின்படி நடப்பதையும் செவிகொடுப்பதையும் கேட்கும் நிபந்தனை இருக்கிறதே, அது அட்டையில் இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லவும் வழியில்லை. அருவி பாதி அட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அட்டை நம்மிடமும் ஏதோ கேட்டிருக்கும். அது இல்லாததால், இவ்வாண்டு எனக்கு என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் வளர்த்துவிட்டு நிற்கிறது.

ஆண்டுக்கும் நாளுக்கும் வசனம் தேர்ந்து கொடுக்கும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் இருந்த மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 1728-ஆம் ஆண்டு முதல் நாளுக்கொரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லி வந்தார்கள். 1731-ஆம் ஆண்டிலிருந்து அதை நூலாகவும் அச்சிடுகிறார்கள். காலையில் கேட்ட வசனத்தின்படி அன்றைய நாளை நடத்துவது அவர்களுடைய நோக்கம். நம் அட்டையோ ஜனவரி முதல் தேதி ஜோசியம் பார்க்கும் ஆவலோடு வாங்கப்பட்டு, பிப்ரவரிக்குள் நாட்காட்டிக்குப் பின்னால் மறைந்துபோகிறது. தேர்தல் முடிவு கேட்பதுபோல, இந்த வருஷம் நமக்கு என்ன வசனம் வந்தது என்று தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர்களும் உண்டு.

நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சபைப் பண்டிகைகள், அசனப் பண்டிகை நாள், திருவிருந்து ஞாயிறுகள் ஆகியவை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. துளை போட்ட இடம் மட்டும் நாளடைவில் கிழிந்துவிடுகிறது. வேத வாசிப்பு அட்டவணை, நாளொன்றுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து என்ற பழைய கணக்கில் அமைந்தது. வேதாகமத்தின் 1189 அதிகாரங்களும் இக்கணக்கில் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் 1842-இல் தம் சபையாருக்காக வகுத்த அட்டவணையில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் வாசிக்கப்படும். அவ்வளவு கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுக்காதது நல்லதே. ஆனால் விட்டுப்போன நாட்களைப் பிடிப்பதற்கென்று மாதத்தில் ஒரு நாளாவது வெறுமையாக விட்டிருக்கலாம். லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் திரும்பச் சேர்ந்துகொள்ள இந்த அட்டவணையில் எந்த வாசலும் இல்லை.

சபையார் தங்களைக் கடவுளுக்கு மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கான சிறு நூலில்தான் கட்டின் உயிர் இருந்திருக்க வேண்டும். ஜனவரி முதல் ஞாயிற்றில் இந்த ஆராதனையை நடத்தும் வழக்கம் மெதடிஸ்தரிடமிருந்து வந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் முதன்முதலாக இதை நடத்தினார். சுமார் 1800 பேர் எழுந்து நின்று உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொண்டதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அதில் அவர் பயன்படுத்திய வாசகம் அவருக்கு முந்தைய நூற்றாண்டுப் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் ஆலினுடையது. புத்தாண்டோடு இது இணைந்தது பிற்பாடுதான். ஆங்கிலிக்கன் வழியில் வளர்ந்த திருநெல்வேலிச் சபைகளுக்கு இது பாட்டன் காலத்துச் சொத்தல்ல. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஒருவர் வீட்டுப் பாத்திரம் எல்லார் அடுப்பிலும் ஏறியதுபோல் இதுவும் பொதுவாயிற்று.

நூலின் அமைப்பு நன்று. சபையார் சொல்ல வேண்டிய வரிகள் தடித்த எழுத்தில் உள்ளன. கண்ணாடி மறந்து வந்த முதியவர்களும் வாசிக்கும் அளவில் எழுத்து பெரிதாக இருக்கிறது. உடன்படிக்கை ஜெபத்தின் அடிப்படைக் கருத்தும் சிதையாமல் வந்திருக்கிறது: நான் இனி என்னுடையவன் அல்ல, என்னை எந்த வேலையில் வைத்தாலும், எவரோடு சேர்த்தாலும், நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் அது உம்முடைய சித்தம் என்று சபை முழுவதும் சேர்ந்து சொல்கிறது. ஒரு வாரத்துக்குள்தான் வாலாக்காமல் தலையாக்குவார் என்ற அட்டையைப் பெற்றுக்கொண்ட அதே மக்கள், வெறுமையாக இருக்கவும் எனக்குச் சம்மதம் என்று எழுந்து நின்று சொல்கிறார்கள். இந்த முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. உறுத்தியிருந்தால் அட்டைக்கு வேறு வசனம் கிடைத்திருக்கும்.

குறை, நூலுக்குக் கொடுக்கப்பட்ட கால அவகாசத்தில் இருக்கிறது. வெஸ்லி ஆகஸ்ட் 6-ஆம் தேதி இதைச் சபையாருக்கு முதலில் எடுத்துரைத்தார். அடுத்து வந்த நாட்களில் அதன் பொருளை விளக்கினார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள். அதன்பின் திங்கட்கிழமை மாலையில்தான் உடன்படிக்கை. நம் கட்டோ ஜனவரி முதல் தேதி, இரவு முழுவதும் விழித்திருந்த களைப்போடு கைக்கு வருகிறது. கேக்கும் விருந்தும் உறவினர் வருகையும் கடந்து அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் முதல் ஞாயிறு வந்துவிடுகிறது. திருவிருந்துக்கு முன்பு சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடத்தும் மரபு நம்மிடம் இருக்கிறது. உடன்படிக்கைக்கும் அப்படி ஒரு மாலையை ஒதுக்கியிருக்கலாம். மேலும், பாவ அறிக்கைக்குப் பின் மௌனம் காக்க வேண்டிய இடத்தில் அச்சிட்ட நூலில் எந்தக் குறிப்பும் இல்லை. பாடகர் குழு அந்த இடைவெளியைப் பொறுக்க மாட்டாமல் உடனே பாட்டைத் தொடங்கிவிட்டது. அடைப்புக்குள் ஒரு வரி போட்டிருந்தால் ஆர்மோனியம் சற்றுக் காத்திருந்திருக்கும்.

இனி காணிக்கை உறைகளுக்கு வருகிறேன். சாதாரணப் பழுப்புத் தாள்; ஒரே கறுப்பு மை; முகப்பில் குடும்ப எண், மாதத்தின் பெயர், கீழே ஐந்து வரிகள்: சபைச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனெரி ஊழியம், ஏழைகள் நிதி, ஆலயப் பராமரிப்பு. பின்புறத்தில் கியூஆர் கோடு. இவ்வளவுதான். ஆனாலும் பன்னிரண்டு உறைகளையும் வீட்டில் வேதாகமத்தின் அருகே அடுக்கி வைத்த நாளிலிருந்து, காணிக்கை என்பது ஞாயிறு காலை புறப்படும் அவசரத்தில் சட்டைப் பையைத் தடவி எடுக்கும் சில்லறை என்ற நிலை மாறிவிட்டது. சம்பளம் வந்த மாலையில் உறையை எடுத்து வைத்து, எந்த வரியில் எவ்வளவு என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஏழைகள் நிதிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கவும் செய்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல், அவனவன் தன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்திலே சேர்த்துவைக்கும்படி சொல்லும் காரியம் இதுதான். சேர்க்கும் வேலை வீட்டில் நடக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஆலயத்தில் நடப்பது ஒப்படைப்பு மட்டுமே.

ஐந்து வரிகளைப் பிரித்ததில் ஒரு நன்மை இருக்கிறது. மிஷனெரி ஊழியத்துக்கென்று தனியாக ஒரு வரி இருப்பதால், சபைச் சந்தாவைக் கட்டிவிட்டாலே கடமை முடிந்தது என்ற எண்ணம் எழுவதில்லை. திருநெல்வேலிச் சபைகளுக்கு இது தனிப் பொருளுடையது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைக் கண்டு திரும்பினார். மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இங்குள்ளவர்களின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்தக் காணிக்கையைக் கொடுத்தவர்களில் ஏழைகளும் உண்டு. அசரியா பின்னர் தோர்ணக்கலின் பேராயராகி, கூலி வேலை செய்யும் மக்களிடமும் கொடுத்தலைக் கற்பித்தார். அவர்கள் கொண்டுவந்தவற்றில் தானியமும் கோழியும் உண்டு. ஏழை என்பதற்காக ஒருவருக்குக் கொடுக்கும் வாய்ப்பை மறுக்கக்கூடாது என்பதை அவருடைய ஊழியமே காட்டியது.

இந்த வரலாற்றோடு ஒப்பிடும்போதுதான் நம் உறையின் முதற்குறை தெரிகிறது. அது மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இந்தச் சபையில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் உண்டு. வாரக் கூலிக்குப் பீடி சுற்றும் பெண்களும், பதநீர்ப் பருவத்தில் மட்டும் கையில் காசு புழங்கும் பனைத் தொழிலாளர்களும் உண்டு. மாதக் கடைசியில் ஒரே தொகையாக எடுத்து வைப்பது இவர்களுக்கு இயலாது. பீடி சுற்றும் ஓர் அம்மையார், "ஐயா, மாச உறையில வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு வச்சுக் கொண்டாந்தா ஏத்துக்கிடுவீயளா?" என்று குருவானவரிடம் ஆலய வாசலில் கேட்டதை நான் அருகில் நின்று கேட்டேன். தாராளமாகக் கொண்டு வரலாம் என்பதுதான் பதில். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாதவர்கள் உறையை அப்படியே வைத்துவிட்டிருப்பார்கள். பவுல் சொன்னதோ வாரத்தின் முதல்நாள்தோறும். விரும்புவோருக்கு வார உறைகள் என்று தனிக் கட்டு வைத்திருந்தால் போதும். அதோடு, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முன்பு நடத்தி வந்த கைப்பிடி அரிசிக் காணிக்கைக்கும் இந்தக் கட்டில் ஒரு சிறு துணிப் பை சேர்த்திருக்கலாம். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றளவும் அந்தத் திருச்சபையின் ஊழியத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைக்கும் வீட்டில், சம்பள நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, உறையின் மேற்பகுதியில் அச்சிட்ட வசனம். மல்கியா 3-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனம்தான், வேறென்ன. அதிலும் வானத்தின் பலகணிகள் திறக்கும் பகுதி இருக்கிறது. ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி என்று காரணம் சொல்லும் பகுதி இல்லை. அந்த ஆகாரம் யாருக்கு என்பதை உபாகமம் 14-ஆம் அதிகாரம் விளக்கமாகவே சொல்கிறது: மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, வாசலில் வைக்க, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். உறையின் நான்காம் வரியில் ஏழைகள் நிதி என்று அச்சிட்டிருக்கும் சபை, அதற்குரிய வசனத்தை மேலே போட்டிருக்கலாம். வாக்குத்தத்த அட்டையைத் தொகுத்த அதே கை இங்கும் வேலை செய்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

கியூஆர் கோடு பற்றி இரு கருத்துகள் சபையில் உலவுகின்றன. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் சொந்தச் சபைக்கு மாதம் தவறாமல் அனுப்ப இது உதவியாக இருப்பதைப் பொருளாளரே சொன்னார். மறுபக்கத்தில், தொலைபேசியில் அனுப்பிவிட்டவர்கள் காணிக்கைப் பை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்கு அப்பா எதுவும் போடவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. உறையில் "இணைய வழியில் செலுத்தியுள்ளேன்" என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் குறியிட்டு வெற்று உறையைப் பையில் போடலாம். காணிக்கை ஆராதனையின் ஒரு பகுதி, வங்கிப் பரிமாற்றம் அந்த இடத்தை நிரப்பாது.

உறையில் எண் மட்டும் இருப்பதும் பெயர் இல்லாததும் மிக நல்ல ஏற்பாடு. பிறந்தநாள், திருமண நாள் ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் பெயரும் தொகையுமாக அறிவிப்பு நேரத்தில் வாசிக்கும் வழக்கம் எத்தனையோ சபைகளில் உண்டு. ஐந்நூறு வாசிக்கப்பட்டதும் ஐம்பது கொடுத்தவர் அடுத்த வருஷம் கொடுப்பதையே நிறுத்திக்கொள்கிறார். எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியின் முன் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு தம் சீஷரைக் கூப்பிட்டுக் காட்டினார், ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை. எண்முறை இந்த வருத்தத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. எண்ணுக்குரிய குடும்பம் எது என்ற பதிவேடு பொருளாளரிடம் மட்டும் இருக்கிறது.

உறையைப் பிரித்து எண்ணும் இடத்தையும் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஆராதனை முடிந்ததும் ஆலயத்துப் பின்னறையில் மேசைமேல் துணி விரித்து, பொருளாளரும் கமிட்டி உறுப்பினர் இருவரும் உட்கார்கிறார்கள். ஒருவர் பிரிக்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுதுகிறார். உறையின் வாயில் தடவியிருந்த பசை போதாது. எனவே சிலர் ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள், சிலர் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். எட்டாக மடித்த நோட்டு பருக்கையோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழிந்தது. கிழிந்த நோட்டுகளுக்கென்றே ஒரு தனிக் கிண்ணம் இருந்தது. முகப்பில் எழுதிய தொகைக்கும் உள்ளே இருப்பதற்கும் வேறுபாடு வந்தால் அதைத் தனித்தாளில் குறித்து, மூவரும் கையெழுத்திடுகிறார்கள். பணப்பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்த ஆசாரியன் யோய்தாவின் காலத்திலேயே, பெட்டி நிரம்பியதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள் என்று இரண்டாம் ராஜாக்கள் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: ராஜாவாகிய யோவாஸின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஆசாரியர் பணம் வாங்கினார்களே தவிர, ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. மக்கள் கொடுக்கத் தயங்கியதாக அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. பெட்டி வைத்ததும் வேலைக்காரருக்குப் பணம் நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஆதலால் இந்தக் கட்டில் இல்லாத ஏழாவது பொருளைப் பற்றி நான் குறை சொல்லியே ஆக வேண்டும். சென்ற ஆண்டு இந்த ஐந்து தலைப்புகளில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்ற ஒற்றைத் தாள் கணக்கு உள்ளே இல்லை. காலாண்டுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது உண்மைதான். ஆனால் உறையில் ஐந்தாகப் பிரித்து எழுத வைத்தவர்கள், கணக்கில் ஏழைகள் நிதியையும் ஆலயப் பராமரிப்பையும் "இதர வகை" என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். கொடுப்பவரிடம் எதிர்பார்த்த துல்லியத்தைச் செலவழிப்பவரும் காட்ட வேண்டாமா? எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடி கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யப் பவுல் எச்சரிக்கையாக இருந்தார். சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரனைத் துணைக்கு அழைத்தும் சென்றார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட ஏற்பாடு இது.

கடைசிப் பொருளான விசுவாச வாக்குறுதி அட்டையை நான் நிரப்பவில்லை. இவ்வாண்டு மிஷனெரி ஊழியத்துக்கு விசுவாசத்தோடு இவ்வளவு கொடுப்பேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, உடன்படிக்கை ஞாயிற்றில் பீடத்தில் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். வேறு தொகை எழுத இடமே இல்லை. வரவுக்குத் தக்கதாக என்ற வேத வாக்குக்கு இதைவிட நேர்மாறாக ஓர் அட்டையை வடிவமைப்பது கடினம். நூறு ரூபாயை மனத்தில் நியமித்து வந்தவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? ஆராதனையின் உருக்கத்தில் பத்தாயிரத்தில் குறியிட்டுவிட்டு, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும்போது திணறிய குடும்பங்களும் இருந்தன. நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப் பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி சொல்வதை அந்த அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கச் சொல்லும் வசனம் இந்தக் கட்டு முழுவதிலும் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இத்தகைய கட்டு ஒன்றை அச்சடிக்கலாமா என்று என்னைக் கேட்கும் கமிட்டிக்கு, அடிக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் பாதியாகக் குறைத்து அடிக்க வேண்டும். பொன்னெழுத்து அட்டைக்கு ஆகும் செலவை உறைக்கும் கணக்குத் தாளுக்கும் மாற்றிவிட வேண்டும். வசனம் வேண்டுமென்றால் அதை முழுமையாக உடன்படிக்கை நூலின் முகப்பிலேயே போடலாம். வாக்குறுதி அட்டையில் மூன்று கட்டங்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு கோடு விட்டால் போதும். நூலையும் உறைகளையும் டிசம்பரின் வருகைக்கால ஞாயிறுகளிலேயே கொடுத்து, அவற்றைப் பற்றி ஒரு பிரசங்கமும் ஆயத்த மாலை ஒன்றும் வைத்தால், ஜனவரி முதல் ஞாயிறு வரும்போது எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து மக்கள் எழுந்து நிற்பார்கள். சிவகாசி அச்சகங்களில் ஆண்டிறுதி நாட்காட்டி வேலை குவிவதற்கு முன்பே ஆர்டரைக் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது, வாயில் அகலமாகப் பசை தடவிய உறை வேண்டும் என்பதையும், விரும்புவோருக்கு ஐம்பத்திரண்டு வார உறைகள் கொண்ட தனிக் கட்டு வேண்டும் என்பதையும் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் சென்ற ஆண்டின் மாதிரியே திரும்பவும் வந்து சேரும்.